மின்சோதனைக் கருவிகளில் மீள்மின்னேற்ற மின்கலங்கள்

மீள்மின்னேற்ற மின்கலம் என்பது மின்னிறக்கம் அடைந்த பின்னர் மீண்டும் மின்னேற்றிப் பயன்படுத்தக்கூடிய மின்கலம் ஆகும். பேச்சு வழக்கில் இது ரீசார்ஜபிள் பேட்டரி எனப்படுகிறது. பல்மானி (மல்டிமீட்டர்), கவ்வுமானி (கிளாம்ப் மீட்டர்), காப்புத்தடை சோதிப்பான் (மெக்கர்), தொடாமல் மின்னழுத்தம் காட்டும் பேனா போன்ற கையடக்க மின்சோதனைக் கருவிகளுட் பல, ஒருமுறை மட்டும் பயன்படும் காரக் கலங்களை (ஆல்கலைன் செல்) எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் மீள்மின்னேற்ற மின்கலங்களை இடுவதால் செலவும் கழிவும் குறையக்கூடும். எனினும் இவ்விரு வகைகளும் அளவில் ஒத்திருப்பினும் மின்னழுத்தத்திலும், மின்னிறக்கம் அடையும் விதத்திலும் வேறுபடுகின்றன.

பொம்மையிலோ வானொலியிலோ மின்கலம் பொருந்தாவிடின் அது இயங்காது என்பதோடு சிக்கல் முடிந்துவிடும். சோதனைக் கருவியில் அவ்வாறன்று. மின்கலம் வலுவிழந்த கருவி தவறான அளவைக் காட்டக்கூடும்; மின்னழுத்தம் உள்ள கம்பியை மின்னழுத்தம் அற்றதாகக் காட்டவும் கூடும். அந்த அளவை நம்பி ஒருவர் கம்பியைத் தொடுவார் என்பதால், கருவிக்கு ஏற்ற மின்கலத்தைத் தெரிவு செய்வது உயிர்ப் பாதுகாப்புடன் தொடர்புடையது.

== பின்னணி ==

தொடக்ககால மின்சோதனைக் கருவிகள் பலவற்றுக்கு மின்கலம் தேவைப்படவில்லை. 1889 இல் இங்கிலாந்தைச் சேர்ந்த சிட்னி எவர்செட் உருவாக்கிய காப்புத்தடை சோதிப்பானின் வழிவந்த கருவிகள், கையால் சுழற்றப்படும் மின்னாக்கியைக் கொண்டிருந்தன. ‘மெக்கர்’ என்னும் வணிகப் பெயர் 1903 இல் பதிவு செய்யப்பட்டது. இன்று எந்த நிறுவனத்தின் காப்புத்தடை சோதிப்பானையும் மின்பணியாளர்கள் மெக்கர் என்றே அழைப்பது வழக்கமாகிவிட்டது.

1923 இல் பிரித்தானிய அஞ்சல் துறைப் பொறியாளர் டொனால்ட் மக்கேடியின் வடிவமைப்பில் வெளிவந்த அவோமானி, மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை ஆகிய மூன்றையும் ஒரே கருவியால் அளக்க வழி செய்தது. இத்தகைய முள் வகைப் பல்மானிகளில் மின்தடையை அளப்பதற்கு மட்டுமே மின்கலம் தேவை. மின்னழுத்தத்தை அளக்கும்போது, அளக்கப்படும் சுற்றிலிருந்து பெறும் சிறு மின்னோட்டமே முள்ளை நகர்த்துகிறது. ஆகவே உள்ளிருக்கும் மின்கலம் முற்றிலும் தீர்ந்துவிட்டாலும் மின்னழுத்த அளவு மாறுவதில்லை.

எண்ணியல் பல்மானிகள் பரவியபோது இந்நிலை மாறியது. இவற்றில் எல்லா அளவீடுகளும் உள்ளிருக்கும் மின்னணுச் சுற்றின் வழியே நடைபெறுகின்றன. அச்சுற்றுக்கு ஆற்றல் தருவது மின்கலம். எனவே மின்கலத்தின் நிலை, கருவி காட்டும் ஒவ்வோர் எண்ணுடனும் தொடர்பு கொண்டதாயிற்று.

கையடக்கக் கருவிகள் மின்கலத்தில் இயங்குவதற்கு எடுத்துச் செல்லும் வசதி மட்டும் காரணமன்று. மின்கலத்தில் இயங்கும் கருவி, வீட்டு மின்னிணைப்புடனோ புவியிணைப்புடனோ தொடர்பின்றித் தனித்து நிற்கிறது. இதனால் அளக்கப்படும் சுற்றின் எப்புள்ளியிலும் அதனைக் குறுக்குச்சுற்று அச்சமின்றி இணைக்கலாம். மின்வழங்கியிலிருந்து வரும் 50 ஏர்ட்சு இரைச்சலும் அளவீட்டிற் கலப்பதில்லை.

== மின்கல வகைகளும் மின்னழுத்தமும் ==

கீழ்வரும் அட்டவணை ஒரு தனிக்கலத்தின் தோராயமான மின்னழுத்தங்களை வோல்ட்டில் தருகிறது. தயாரிப்பு, வெப்பநிலை, எடுக்கப்படும் மின்னோட்டம் ஆகியவற்றுக்கு ஏற்ப இவை சற்று மாறும்.

| மின்கல வகை | பெயரளவு | முழு நிலையில் | தீரும் நிலையில் |
|---|---|---|---|
| காரக் கலம் (மின்னேற்ற இயலாதது) | 1.5 | 1.6 | 0.9 |
| நிக்கல்-காட்மியம் | 1.2 | 1.4 | 1.0 |
| நிக்கல்-உலோக ஐதரைடு | 1.2 | 1.4 | 1.0 |
| நிக்கல்-துத்தநாகம் | 1.6 | 1.8 | 1.3 |
| மூடிய ஈய-அமிலம் | 2.0 | 2.1 | 1.75 |
| இலித்தியம்-அயனி | 3.6 முதல் 3.7 | 4.2 | 3.0 |
| மின்னழுத்த மாற்றி பொதிந்த இலித்தியம்-அயனி | 1.5 | 1.5 | திடீரென 0 |

காரக் கலத்தின் மின்னழுத்தம் பயன்பாட்டின் தொடக்கம் முதலே சீராக இறங்கிக்கொண்டு வரும். நிக்கல்-உலோக ஐதரைடு கலமோ மின்னேற்றிய சிறிது நேரத்தில் 1.25 வோல்ட் அளவுக்கு வந்து, ஆற்றலின் பெரும்பகுதி தீரும்வரை ஏறத்தாழ அதே நிலையில் நின்று, பின்னர் விரைவாக வீழ்கிறது. காரக் கலமும் தன் வாழ்நாளின் கணிசமான பகுதியை 1.2 வோல்ட் அளவிலேயே கழிப்பதால், 0.9 வோல்ட் வரை இயங்குமாறு வடிவமைக்கப்பட்ட கருவிக்கு 1.2 வோல்ட் கலம் பொதுவாகப் போதுமானது. மீள்மின்னேற்ற மின்கலம் ‘மின்னழுத்தம் குறைந்தது’ என்பதால் எக்கருவிக்கும் உதவாது எனக் கருதுவது சரியன்று. அக்கருவி எந்த மின்னழுத்தம் வரை சரியாக அளக்கும் என்பதே கேள்வி.

நிக்கல்-காட்மியம் கலத்தை 1899 இல் சுவீடனைச் சேர்ந்த வால்டெமார் யுங்னர் கண்டுபிடித்தார். காட்மியம் நச்சுத்தன்மை உடையதாகையால் இவ்வகை இப்போது அரிதாகி வருகிறது. நிக்கல்-உலோக ஐதரைடு கலங்கள் 1980களின் இறுதியில் விற்பனைக்கு வந்தன. இவற்றின் தொடக்ககால வடிவங்கள், பயன்படுத்தாமல் வைத்திருந்தாலே மாதத்துக்கு ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காடு வரை மின்னேற்றத்தை இழந்தன. இது தன்மின்னிறக்கம் எனப்படும். 2005 இல் சப்பானின் சான்யோ நிறுவனம் ‘எனெலூப்’ என்னும் பெயரில் தன்மின்னிறக்கம் குறைந்த கலங்களை வெளியிட்டது. பின்னர்ப் பிற நிறுவனங்களும் இவ்வகையைத் தயாரித்தன. இவை ஓராண்டு கழிந்த பின்னும் மின்னேற்றத்தின் பெரும்பகுதியைத் தக்கவைத்துக்கொள்கின்றன. எப்போதாவது எடுத்துப் பயன்படுத்தப்படும் சோதனைக் கருவிகளுக்கு மீள்மின்னேற்ற மின்கலங்கள் உகந்தவையானது பெரும்பாலும் இம்மாற்றத்தின் பின்னரே எனலாம்.

== மின்கலக் குறைவும் அளவீட்டுப் பிழையும் ==

எண்ணியல் பல்மானி, தெரியாத மின்னழுத்தத்தைத் தன்னுள் இருக்கும் ஓர் ஒப்பீட்டு மின்னழுத்தத்துடன் ஒப்பிட்டே அளக்கிறது. ஒப்பீட்டு மின்னழுத்தம் மாறாதவரை அளவு சரியாக இருக்கும். மின்கலம் வலுவிழந்து ஒப்பீட்டு மின்னழுத்தமும் இறங்கினால் அளவு பிழையாகும்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, விலை குறைந்த பல்மானிகளில் மிகப் பரவலாகப் பயன்பட்ட ஐ.சி.எல். 7106 என்னும் தொகுசுற்று ஆகும். இதன் எண்காட்டி காட்டும் மதிப்பு, உள்ளீட்டு மின்னழுத்தத்தை ஒப்பீட்டு மின்னழுத்தத்தால் வகுத்து 1000 ஆல் பெருக்கக் கிடைப்பதாகும். ஒப்பீட்டு மின்னழுத்தம் 100 மில்லிவோல்ட் எனில், எண்காட்டியின் உச்ச அளவு 199.9 மில்லிவோல்ட். பல கருவிகளில் இந்த ஒப்பீட்டு மின்னழுத்தம் தொகுசுற்றுக்குள்ளேயே, நேர்மின்முனைக்கு ஏறத்தாழ 3 வோல்ட் கீழே நிலைநிறுத்தப்படும் ஒரு புள்ளியிலிருந்து பெறப்படுகிறது. மின்கல அடுக்கின் மின்னழுத்தம் 7 வோல்ட்டுக்கு மேல் உள்ளவரை அப்புள்ளி நன்கு நிலையாக இருக்கும். அதற்குக் கீழே இறங்கும்போது நிலைப்பு குன்றத் தொடங்குகிறது.

வாய்பாட்டில் ஒப்பீட்டு மின்னழுத்தம் வகுக்கும் எண்ணாக இருப்பதால், அது குறையும்போது காட்டப்படும் அளவு கூடுகிறது. எடுத்துக்காட்டாக, 100 மில்லிவோல்ட்டாக இருக்க வேண்டியது 95 மில்லிவோல்ட்டாகக் குறைந்தால், 230 வோல்ட் மின்னிணைப்பைக் கருவி ஏறத்தாழ 242 வோல்ட் எனக் காட்டும். மின்கலம் தீரத் தீர அளவும் குறையும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. மாறாக, இத்தகைய கருவிகளில் அளவு கூடுகிறது. இதனால் வீட்டு மின்னழுத்தம் உயர்ந்துவிட்டது என்றோ, நிலைப்படுத்தி (ஸ்டெபிலைசர்) பழுதாகிவிட்டது என்றோ தவறாக முடிவு செய்ய நேரிடலாம்.

இதே கருவியில் மின்தடை அளவீடு பெரும்பாலும் பாதிக்கப்படுவதில்லை. தெரியாத மின்தடையும் அறிந்த மின்தடையும் தொடராக இணைக்கப்பட்டு, அவற்றின் குறுக்கே உள்ள மின்னழுத்தங்களின் விகிதம் அளக்கப்படுவதால், மின்கலத்தின் மாற்றம் இரு பக்கமும் சமமாக நீங்கிவிடுகிறது. ஆகவே, அறிந்த மின்தடை ஒன்றை அளந்து பார்த்து, அது சரியாக இருப்பதால் மின்னழுத்த அளவும் சரி என முடிவு செய்யக்கூடாது.

பிற்காலப் பல்மானிகள் பலவற்றில் ஒப்பீட்டு மின்னழுத்தத்துக்கெனத் தனிச் சுற்று இருப்பதால் அவை குறைந்த மின்னழுத்தத்திலும் துல்லியமாக அளக்கின்றன. எனினும் அவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு.

== மின்கலக் குறைவுக் குறி ==

இப்பிழையைத் தவிர்க்கவே கருவிகளின் எண்காட்டியில் மின்கல உருவம் கொண்ட எச்சரிக்கைக் குறி தோன்றுகிறது. மின்கல அடுக்கின் மின்னழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கியதும் இக்குறி ஒளிரும். அவ்வெல்லை காரக் கலத்தின் இறங்குமுகத்தைக் கருத்திற் கொண்டு வகுக்கப்பட்டிருப்பின், மீள்மின்னேற்ற மின்கலத்துடன் அது மூன்று விதமாக நடந்துகொள்ளலாம்.

* எல்லை உயரமாக இருந்தால் குறி எப்போதும் ஒளிர்ந்துகொண்டிருக்கும். எடுத்துக்காட்டாக, இரண்டு ஏஏ கலங்கள் கொண்ட கருவியின் எல்லை 2.5 வோல்ட் எனில், நிக்கல்-உலோக ஐதரைடு கலங்கள் அடங்கிய அடுக்கு (2.4 முதல் 2.5 வோல்ட்) மின்னேற்றிய சிறிது நேரத்திலேயே அதனைத் தூண்டிவிடும். எப்போதும் ஒளிரும் எச்சரிக்கையைப் பயனர் பொருட்படுத்தாது பழகிவிடுவார். பின்னர் மெய்யாகவே மின்கலம் தீரும்போது எச்சரிக்க ஏதும் இராது.
* எல்லை இடைப்பட்டதாக இருந்தால், அதாவது கலத்துக்கு 1.1 வோல்ட் அளவில் இருந்தால், குறி தோன்றும். ஆனால் அதன் பின் மிகக் குறுகிய காலமே மின்கலம் தாங்கும். காரக் கலத்துடன் குறி தோன்றிய பிறகும் பல மணி நேரம் பணி செய்து பழகியவர் இங்கு ஏமாற நேரிடும்.
* எல்லை மிகத் தாழ்வாக இருந்தால் கருவிக்குக் கேடில்லை, மின்கலத்துக்குக் கேடு நேரும். கலத்துக்கு 0.9 வோல்ட் வீதம், நான்கு கலங்களுக்கு 3.6 வோல்ட் எல்லை எனக் கொள்வோம். மூன்று கலங்கள் 1.2 வோல்ட்டில் இருந்தால் அவையே 3.6 வோல்ட் தந்துவிடும். நான்காவது கலம் முற்றிலும் தீர்ந்த நிலையிலும் கருவி இயங்கிக்கொண்டிருக்கும். அப்போது அக்கலத்தின் ஊடாக எதிர்த்திசையில் மின்னேற்றம் நடந்து, அது நிலையாகப் பழுதடையும்.

மின்னழுத்த மாற்றி பொதிந்த 1.5 வோல்ட் இலித்தியம்-அயனிக் கலங்களின் இயல்பு இவற்றினின்றும் வேறானது. இவை இறுதிவரை 1.5 வோல்ட் தந்து, பின் ஒரு நொடியில் நின்றுவிடுகின்றன. கருவியின் குறி எப்போதும் ‘முழு மின்கலம்’ என்றே காட்டும். அளவீட்டின் துல்லியத்துக்கு இது நன்மை. முன்னெச்சரிக்கை இன்மை இதன் குறை. மேலும், உள்ளிருக்கும் மாற்றி உயர் அதிர்வெண்ணில் இயங்குவதால் மில்லிவோல்ட் அளவிலான மாறுதிசை மின்னழுத்தத்தை அளக்கும்போது இரைச்சலைச் சேர்க்கக்கூடும்.

== 9 வோல்ட் மின்கல அடுக்கு ==

செவ்வக வடிவ 9 வோல்ட் மின்கல அடுக்கு பல்மானிகளில் பரவலாகக் காணப்படுகிறது. காரக் கல வகையில் இதனுள் ஆறு சிறு கலங்கள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன (6 × 1.5 = 9). மீள்மின்னேற்ற வகையில் ‘9 வோல்ட்’ என்னும் பெயரில் விற்கப்படுவனவற்றுள் கலங்களின் எண்ணிக்கை வேறுபடுகிறது.

* ஆறு நிக்கல்-உலோக ஐதரைடு கலங்கள்: 7.2 வோல்ட்
* ஏழு கலங்கள்: 8.4 வோல்ட்
* எட்டு கலங்கள்: 9.6 வோல்ட், மின்னேற்றிய உடன் 11 வோல்ட்டுக்கு மேல்
* இரண்டு இலித்தியம்-அயனிக் கலங்கள்: 7.4 வோல்ட்; முழு நிலையில் 8.4 வோல்ட், தீரும் நிலையில் 6 வோல்ட்

மேலே கூறிய 7 வோல்ட் எல்லையுடன் ஒப்பிட்டால், ஆறு கல வகை தொடக்கம் முதலே விளிம்பில் நிற்பது தெரியவரும். ஏழு கல வகை, ஒரு கலத்துக்கு 1.0 வோல்ட் என்னும் தீரும் நிலையிலும் 7 வோல்ட் தருவதால் இத்தகைய பல்மானிக்குப் பொருந்துகிறது. எட்டு கல வகையை இடுமுன், கருவி தாங்கும் உச்ச மின்னழுத்தத்தைக் கையேட்டில் பார்ப்பது இன்றியமையாதது. இரண்டு இலித்தியம்-அயனிக் கலங்கள் கொண்ட வகை தன் இறுதிக் கட்டத்தில் 7 வோல்ட்டுக்குக் கீழே இறங்குகிறது. உறையின் மேல் ‘9 வோல்ட்’ என்று அச்சிடப்பட்டிருப்பது வடிவத்தையே குறிக்கிறது. உண்மை மின்னழுத்தத்தை அன்று.

== கருவிவாரியான பொருத்தம் ==

=== எண்ணியல் பல்மானி ===

பல்மானி எடுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு. 2 மில்லிஅம்பியர் எடுக்கும் கருவி ஒன்று நாளுக்கு ஒரு மணி நேரம் வீதம் மாதத்தில் 22 நாட்கள் பயன்படுவதாகக் கொண்டால், மாதத் தேவை 44 மில்லிஅம்பியர்-மணி மட்டுமே. 550 மில்லிஅம்பியர்-மணி கொள்ளளவுள்ள 9 வோல்ட் காரக் கல அடுக்கு இதனை ஏறத்தாழ ஓராண்டு இயக்கும். 175 மில்லிஅம்பியர்-மணி கொள்ளளவும், மாதத்துக்கு 25 விழுக்காடு தன்மின்னிறக்கமும் கொண்ட பழைய வகை நிக்கல்-உலோக ஐதரைடு அடுக்கோ முதல் மாதத்தில் தானாகவே ஏறத்தாழ 44 மில்லிஅம்பியர்-மணியை இழந்துவிடும். கருவி பயன்படுத்தும் அளவுக்குச் சமமான ஆற்றல் வீணாகிறது. ஆகவே குறைவாகப் பயன்படும் பல்மானிக்கு மீள்மின்னேற்ற மின்கலத்தால் பெரிய ஆதாயம் இல்லை.

எனினும் ஒரு நன்மை உண்டு. காரக் கலங்கள் தீர்ந்த நிலையில் நெடுங்காலம் கருவிக்குள் இருந்தால், உள்ளிருக்கும் பொட்டாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் கசிந்து தொடுமுனைகளையும் மின்சுற்றுப் பலகையையும் அரித்துவிடும். நிக்கல்-உலோக ஐதரைடு கலத்திலும் இதே கரைசல் உள்ளதெனினும் கசிவு அதில் ஒப்பீட்டளவில் அரிது. விலை உயர்ந்த கருவிகளின் உரிமையாளர்கள் சிலர் இதன் பொருட்டே மீள்மின்னேற்ற வகையை நாடுகின்றனர்.

=== காப்புத்தடை சோதிப்பான் ===

மீள்மின்னேற்ற மின்கலங்கள் மிகச் சிறப்பாகப் பொருந்தும் கருவி இது. மின்கல அடுக்கின் சில வோல்ட் அழுத்தத்தை 250, 500 அல்லது 1000 வோல்ட்டாக உயர்த்திக் கம்பியின் காப்பின் மீது செலுத்துவதே இதன் பணி. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 61557 தரத்தின்படி இது குறைந்தது 1 மில்லிஅம்பியர் மின்னோட்டத்தைப் பெயரளவு மின்னழுத்தத்தில் தர வேண்டும். 1000 வோல்ட்டில் 1 மில்லிஅம்பியர் என்பது 1 வாட். மாற்றியின் பயனுறுதிறன் 60 விழுக்காடு எனக் கொண்டால், 7.2 வோல்ட் அடுக்கிலிருந்து ஏறத்தாழ 230 மில்லிஅம்பியர் எடுக்கப்படும். பல கருவிகளில் உடன் அமைந்துள்ள மின்தொடர்ச்சிச் சோதனைக்கு அதே தரம் குறைந்தது 200 மில்லிஅம்பியர் கோருகிறது.

இத்தகைய மின்னோட்டத்தில் மின்கலத்தின் அகத்தடை முதன்மை பெறுகிறது. பாதி தீர்ந்த ஆறு காரக் கலங்களின் மொத்த அகத்தடை 2.4 ஓம் எனக் கொண்டால், 230 மில்லிஅம்பியர் எடுக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் உள்ளேயே இழக்கப்படும். அகத்தடை அதில் பத்தில் ஒரு பங்காக உள்ள நிக்கல்-உலோக ஐதரைடு அடுக்கில் இவ்விழப்பு 0.06 வோல்ட்டுக்கும் குறைவு.

மின்கலம் வலுவிழந்த சோதிப்பான் 500 வோல்ட்டுக்குப் பதிலாகக் குறைந்த மின்னழுத்தத்தையே காப்பின் மீது செலுத்தக்கூடும். அந்த அழுத்தத்தில் தாங்கி நின்று, 500 வோல்ட்டில் மட்டும் பழுதைக் காட்டும் நலிந்த காப்பு ‘நன்று’ எனத் தேறிவிடும். ஆகையால் சோதனை மின்னழுத்தத்தைத் தனியே காட்டும் கருவிகளில் அவ்வெண்ணையும் கவனித்தல் வேண்டும்.

மின்மாற்றி, உயரழுத்தக் கம்பிவடம் ஆகியவற்றைச் சோதிக்கும் 5000 வோல்ட்டும் அதற்கு மேற்பட்டதுமான பெரிய கருவிகளில் மூடிய ஈய-அமில அடுக்கோ இலித்தியம்-அயனி அடுக்கோ உள்ளமைந்து வருவது வழக்கம்.

=== தொடாமல் மின்னழுத்தம் காட்டும் பேனா ===

கம்பியின் அருகே கொண்டு சென்றதும் ஒளியும் ஒலியும் எழுப்பும் இக்கருவியே மின்கலத் தெரிவில் மிகுந்த கவனம் வேண்டுவது. பல்மானியின் மின்கலம் தீர்ந்தால் எண்காட்டி வெறுமையாகும்; பழுது கண்ணுக்குத் தெரியும். இப்பேனாவில், மின்கலம் தீர்ந்தாலும் ஒளி இல்லை. கம்பியில் மின்னழுத்தம் இல்லாவிட்டாலும் ஒளி இல்லை. இரண்டுக்கும் ஒரே அடையாளம். தயாரிப்பாளர் 1.5 வோல்ட் கலங்களை மட்டுமே குறிப்பிட்டிருந்தால் 1.2 வோல்ட் கலங்களை இடுவதைத் தவிர்க்க வேண்டும். உணர்திறன் குறையவோ, கருவி முன்னதாகவே நின்றுபோகவோ வாய்ப்பு உண்டு.

இதற்கு மாறாக, பன்னாட்டுத் தரத்துக்கு ஏற்ப அமைந்த இருமுனை மின்னழுத்தச் சோதிப்பான்கள், மின்கலம் முற்றிலும் தீர்ந்த நிலையிலும் ஆபத்தான மின்னழுத்தம் இருப்பதை ஒரு விளக்கின் மூலம் காட்டுமாறு வடிவமைக்கப்படுகின்றன. அவ்விளக்கு, அளக்கப்படும் சுற்றிலிருந்தே ஆற்றலைப் பெறுகிறது.

=== வெடிப்பு ஆபத்துள்ள இடங்களுக்கான கருவிகள் ===

சுரங்கம், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை போன்ற இடங்களில் பயன்படும் உள்ளார்ந்த பாதுகாப்புடைய கருவிகளின் சான்றிதழில், எந்த மின்கலங்களைப் பயன்படுத்தலாம் என்பதும் வரையறுக்கப்பட்டிருக்கும். அகத்தடை குறைந்த மீள்மின்னேற்ற மின்கலம் குறுக்குச்சுற்றின்போது பெரும் மின்னோட்டத்தைத் தருவதால் தீப்பொறி எழலாம். சான்றிதழில் இல்லாத மின்கலத்தை இட்டால் அச்சான்று செல்லாததாகிவிடும்.

== பாதுகாப்பு ==

மின்கல வகை எதுவாயினும், ஒரு சுற்றில் மின்னழுத்தம் இல்லை என்பதை உறுதி செய்ய உலகெங்கும் மின்பணியாளர் கைக்கொள்ளும் மூன்று படி முறை ஒன்று உண்டு. முதலில், மின்னழுத்தம் உள்ளதென அறிந்த ஓரிடத்தில் கருவியைச் சோதிக்க வேண்டும். அடுத்து, வேலை செய்யவிருக்கும் சுற்றைச் சோதிக்க வேண்டும். இறுதியாக, மீண்டும் முதல் இடத்திலேயே கருவியைச் சோதிக்க வேண்டும். மின்கலம் இடைப்பட்ட நேரத்தில் தீர்ந்திருந்தால் மூன்றாவது படி அதனைக் காட்டிக்கொடுக்கும். முன்னறிவிப்பின்றி நின்றுவிடும் மீள்மின்னேற்ற மின்கலங்களைப் பயன்படுத்துவோர் மூன்றாவது படியை ஒருபோதும் விடலாகாது.

பிற முன்னெச்சரிக்கைகள்:

* மின்கல மூடியைத் திறக்குமுன் சோதனைக் கம்பிகளைச் சுற்றிலிருந்தும் கருவியிலிருந்தும் கழற்றிவிட வேண்டும். மின்கல முனைகள் உள்சுற்றின் வழியே உள்ளீட்டு முனைகளுடன் தொடர்புடையவை.
* மின்னேற்றியுடன் இணைத்த நிலையில் அளவீடு செய்யலாகாது. கையேடு வெளிப்படையாக அனுமதித்தால் மட்டும் விலக்கு. மின்னேற்றி இணைந்ததும் கருவியின் தனித்த நிலை பறிபோகிறது. சில கருவிகளில், மின்னேற்றும் துளையும் சோதனைக் கம்பித் துளைகளும் ஒரே நேரத்தில் பயன்படாதவாறு நகரும் தடுப்பு ஒன்று அமைந்துள்ளது.
* மின்னேற்றும் வசதி உள்ளமைந்த கருவியில் காரக் கலங்களை இட்டு மின்னேற்றக்கூடாது. வளிமம் உருவாகிக் கலம் கசியவோ வெடிக்கவோ கூடும்.
* ஏஏ அளவையே ஒத்த இலித்தியம்-அயனிக் கலங்கள் (14500 வகை) 3.7 வோல்ட் உடையவை. இவற்றை 1.5 வோல்ட் கலத்துக்கு மாற்றாக இட்டால் கருவி எரிந்துபோகும்.
* பழையதும் புதியதும், அல்லது வெவ்வேறு வகையுமான கலங்களை ஒரே அடுக்கில் கலக்கலாகாது.
* மின்னேற்றிய கலங்களைச் சோதனைக் கம்பி முனைகளுடன் ஒரே பையில் இடுவதைத் தவிர்க்க வேண்டும். குறுக்குச்சுற்று ஏற்பட்டால் அவை தீக்காயம் உண்டாக்கும் அளவுக்குச் சூடாகும்.

== பொருத்தத்தைச் சோதித்தறிதல் ==

கையேட்டில் மீள்மின்னேற்ற மின்கலம் பற்றிய குறிப்பு இல்லாத பல்மானிக்கு அதன் பொருத்தத்தைப் பின்வருமாறு அறியலாம். இச்சோதனை முழுவதும் 10 வோல்ட்டுக்கு உட்பட்ட நேர்மின்னழுத்தத்தைக் கொண்டே செய்யப்பட வேண்டும். மின்கல மூடி திறந்திருப்பதாலும், கருவி மின்வழங்கியுடன் இணைக்கப்பட்டிருப்பதாலும், இந்நிலையில் வீட்டு மின்னிணைப்பை அளப்பது உயிருக்கு ஆபத்தானது.

# கருவியின் மின்கலங்களை அகற்றி, அவற்றின் இடத்தில் மின்னோட்ட வரம்புடைய மாற்றத்தகு நேர்மின் வழங்கியைச் சரியான முனைகளில் இணைக்கவும்.
# வழங்கியைப் பெயரளவு மின்னழுத்தத்தில் வைத்து, தனியான புதிய 1.5 வோல்ட் கலம் ஒன்றைக் கருவியால் அளந்து குறித்துக்கொள்ளவும்.
# வழங்கியின் மின்னழுத்தத்தை 0.1 வோல்ட் வீதம் குறைத்து, ஒவ்வொரு படியிலும் அதே கலத்தின் அளவைக் குறிக்கவும்.
# எச்சரிக்கைக் குறி தோன்றும் மின்னழுத்தத்தையும், அளவு மாறத் தொடங்கும் மின்னழுத்தத்தையும் தனித்தனியே குறிக்கவும்.
# பின்னொளி, ஒலிப்பான் ஆகியவற்றை இயக்கி இதனை மீண்டும் செய்யவும். அப்போது மின்னோட்டம் கூடுதலாக இருக்கும்.

எச்சரிக்கைக் குறி தோன்றும் மின்னழுத்தம், கலத்துக்கு 1.0 முதல் 1.15 வோல்ட் வரையிலும், அளவு மாறத் தொடங்கும் மின்னழுத்தம் அதைவிடக் கீழேயும் இருந்தால் நிக்கல்-உலோக ஐதரைடு கலங்கள் அக்கருவிக்குப் பொருந்தும். குறி தோன்றுமுன்னரே அளவு மாறினால், அக்கருவியில் எவ்வகை மின்கலமும் நம்பத்தக்கதன்று.

== பராமரிப்பு ==

நிக்கல்-உலோக ஐதரைடு கலங்களை ஒரே தொகுதியாக வாங்கி, ஒரே தொகுதியாக மின்னேற்றி, ஒரே கருவியில் பயன்படுத்துவது நன்று. ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே கண்காணிக்கும் மின்னேற்றி விரும்பத்தக்கது. தன்மின்னிறக்கம் வெப்பத்துடன் விரைவு கொள்வதால், வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் கருவியை வைத்திருப்பதைத் தவிர்க்க வேண்டும். இலித்தியம்-அயனி அடுக்குகளை நெடுங்காலம் வைத்திருக்கும்போது பாதியளவு மின்னேற்றத்தில் வைப்பது அவற்றின் ஆயுளைக் கூட்டும். ஈய-அமில அடுக்குகளுக்கு இதன் நேரெதிர் பொருந்தும்: அவற்றை மின்னிறக்கிய நிலையில் விட்டால் தகடுகளில் ஈயச் சல்பேட்டு இறுகிக் கொள்ளளவு நிலையாகக் குன்றும். எனவே பயன்படுத்தாவிட்டாலும் சில மாதங்களுக்கு ஒருமுறை முழுமையாக மின்னேற்றுதல் வேண்டும்.

== கழிவகற்றல் ==

ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஆம் ஆண்டின் பணிப்புரை மூலம் கையடக்க நிக்கல்-காட்மியம் கலங்களைப் பெரும்பாலும் தடை செய்தது. கம்பியில்லா மின்கருவிகளுக்கு அளிக்கப்பட்டிருந்த விலக்கு 2016 இறுதியில் முடிவுற்றது. இந்தியாவில் 2001 ஆம் ஆண்டின் விதிகள் ஈய-அமில மின்கலங்களை மட்டுமே உள்ளடக்கியிருந்தன. அவற்றுக்கு மாற்றாக வந்த மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 எல்லா வகை மின்கலங்களுக்கும் பொருந்துகின்றன. இவற்றின்படி பயன்பாடு முடிந்த மின்கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு உட்படுத்துவது உற்பத்தியாளரின் பொறுப்பாகும். பயனரும் அவற்றை வீட்டுக் குப்பையுடன் சேர்க்காது தனியே ஒப்படைக்க வேண்டும்.